353 சென்டிமீட்டர்: கீழடிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் முன்

போன மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். சிவகங்கைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். "எட்டாம் வகுப்புப் பிள்ளைக அறுபது பேரக் கீழடிக்குக் கூட்டிட்டுப் போறோம்ணே. நீங்கதான் இந்தப் பானை ஓடு, கல்வெட்டுன்னு எழுதிக்கிட்டிருக்கீகளே, ஒரு பிளான் போட்டுக் குடுங்க" என்றார். அவர் கையில் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. காலையில் திருமலை நாயக்கர் மகால், அப்புறம் காந்தி மியூசியம், மதியச் சாப்பாடு, மூன்று மணிக்குக் கீழடி, ஆறு மணிக்குள் ஊர் திரும்புவது.

முதல் இரண்டையும் அடித்துவிடுங்கள் என்றேன். அவருக்கு வருத்தம். பஸ் வாடகை கொடுக்கிறோம், ஒரே இடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் பெற்றோர் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நானே ஒருமுறை அப்படிச் செய்து கெட்டவன். சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு அருங்காட்சியகத்துக்கு ஒரு பள்ளிக் கூட்டத்தோடு துணைக்குப் போனேன். முன்னால் ஒரு ஆசிரியர், பின்னால் ஒரு ஆசிரியர், நடுவில் ரெட்டை வரிசை. "நடங்க, நடங்க, கண்ணாடியத் தொடாதீங்க." நாற்பது நிமிஷத்தில் ஐந்து கூடம் முடிந்துவிட்டது. பஸ்ஸில் ஏறியதும் ஒரு பையனிடம் என்னப்பா பார்த்தே என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏசி நல்லா இருந்துச்சு சார்" என்றான். அவன் மேல் தப்பில்லை.

கீழடிக்கு அந்த நிலை வரக்கூடாது என்று நினைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்த ஊரின் பழமை வெளியுலகுக்குத் தெரியவந்த கதையில் முதல் ஆள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1970களில் கீழடிப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்த வி. பாலசுப்பிரமணியம், ஊரில் மண்ணைத் தோண்டும்போது கிடைத்த பழம்பொருட்களைக் கவனித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். அப்போது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2013-14இல் மத்தியத் தொல்லியல் துறையின் கே. அமர்நாத் ராமகிருஷ்ணா குழு வைகையின் இரு கரையிலும் நடந்து 293 இடங்களைக் குறித்தது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த மேடுதான் கீழடியின் பள்ளிச்சந்தைத் திடல். (பள்ளிச்சந்தம் என்றால் சமணப் பள்ளி போன்றவற்றுக்கு விட்ட நிலம். திடலின் பெயர் அதன் மருவலாக இருக்கலாம். சங்க காலக் குழிக்கும் இந்தப் பெயருக்கும் முடிச்சுப் போட வேண்டாம், இது பிற்காலத்துச் சொல்.) 2015இல் தென்னந்தோப்புக்குள் குழி இறங்கியது. முதல் இரண்டு பருவம் அவர் தோண்டினார். 2017இல் அவர் அஸ்ஸாமுக்கு மாற்றப்பட்டார். மூன்றாம் பருவத்தை வேறொருவர் தோண்டி, கட்டடங்களுக்குத் தொடர்ச்சி இல்லை என்றார். விவகாரம் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போனது. 2018இல் நான்காம் பருவத்திலிருந்து மாநிலத் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. 2023 மார்ச் 5ஆம் தேதி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

இதையெல்லாம் எட்டாம் வகுப்புக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வாத்தியார் கதையை மட்டும் பஸ்ஸில் சொல்லுங்கள் என்றேன்.

நண்பர் அடுத்துக் கேட்டதுதான் முக்கியம். "பிள்ளைகளுக்கு என்னத்தண்ணே மெயினா சொல்லணும்? 2600 வருஷம்னு சொல்லிரலாம்ல?"

சொல்லலாம். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டால் அது பிள்ளைகள் மனதில் இன்னொரு மனப்பாட எண் ஆகிவிடும். நாளைக்கு எவனாவது "அதெல்லாம் சும்மா கதை" என்று ஒரு வீடியோ போட்டால், அந்தப் பெருமையைத் தாங்கிப் பிடிக்க அவர்களிடம் எதுவும் இருக்காது. அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு பள்ளிக்கூடத்திலேயே இரண்டு வேலை செய்யச் சொன்னேன்.

முதலாவது, கயிறு. மாடி வராண்டா கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட வேண்டும். சுவரின் மேல்விளிம்புதான் தரைமட்டம், அதாவது தென்னந்தோப்பின் இன்றைய மண். அங்கிருந்து டேப் பிடித்து 200 சென்டிமீட்டரில் ஒரு சிவப்புத் துணி, 353 சென்டிமீட்டரில் ஒரு பச்சைத் துணி. நான்காம் பருவ அகழாய்வில் கிடைத்த ஆறு கரித்துண்டுகள் அமெரிக்காவில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டன. 200 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரி கி.மு. 205 என்று வந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்துக் கரி கி.மு. 580. அந்த 2600 வருஷம் இந்தப் பச்சைத் துணியிலிருந்துதான் வருகிறது.

பிள்ளைகள் கீழே நின்று அண்ணாந்து பார்க்கட்டும். ஒரு பிள்ளை மேல் இன்னொரு பிள்ளை நின்றாலும் அந்த ஆழம் வராது. அப்புறம் கணக்கு வாத்தியாரைக் கூப்பிடுங்கள். இரண்டு துணிகளுக்கும் நடுவே 153 சென்டிமீட்டர், 375 வருஷம். ஒரு சென்டிமீட்டர் மண் சேரக் கிட்டத்தட்ட இரண்டரை வருஷம். சிவப்புத் துணியிலிருந்து மேலே 200 சென்டிமீட்டர், கி.மு. 205இலிருந்து தோண்டிய 2018 வரை 2222 வருஷம். இங்கே ஒரு சென்டிமீட்டருக்குப் பதினோரு வருஷம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், ஒரு நாள் விட்டு வையுங்கள். ஆள் நெருக்கமாகக் குடியிருந்த இடத்தில் இடிந்த செங்கல், ஓடு, சாம்பல், குப்பை, உடைந்த பானை எல்லாம் சேர்ந்து மேடு மளமளவென்று உயரும். ஊர் கலைந்து வயலாகவும் தோப்பாகவும் ஆகிவிட்டால் மண் சேர்வது மெதுவாகும், உழவில் கலையவும் செய்யும். மண் குழிக்குக் குழி வேறு மாதிரிப் படிவதால் இது தோராயக் கணக்குதான், ஆண்டைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் இல்லை. ஆனாலும் ஒரு ஊர் பிறந்து, நெருங்கி வாழ்ந்து, கலைந்துபோனதை ஒரு கயிற்றில் பார்த்துவிடலாம்.

கரியை வைத்து எப்படி ஆண்டு சொல்கிறார்கள் என்று கேட்பார்கள். மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். அதில் கார்பன்-14 என்ற வகை கொஞ்சம் உண்டு. மரம் செத்தபின் புதிதாகச் சேராது. இருப்பது 5730 வருஷத்துக்குப் பாதி என்ற வேகத்தில் குறையும். மிச்சம் எவ்வளவு என்று எண்ணினால் மரம் எப்போது செத்தது என்று தெரியும். இவ்வளவு போதும் பிள்ளைகளுக்கு.

ஆசிரியருக்கு இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, கரி சொல்வது மரத்தின் வயதை. அது கிடந்த மண்ணில் இருக்கும் பானையின் வயதை நாம்தான் அதிலிருந்து ஊகிக்கிறோம். இரண்டு, கி.மு. 800இலிருந்து 400 வரையிலான காலத்தில் கார்பன் கணிப்பை ஆண்டாக மாற்றும் வளைகோடு கிட்டத்தட்டத் தட்டையாக ஓடுகிறது. அந்தக் காலத்துப் பொருள் எந்த நாட்டில் கிடைத்தாலும் ஆண்டு ஒரு புள்ளியாக வராமல் ஒரு நீண்ட நெடுகையாகத்தான் வரும். ஆகவே 580 என்பதைப் பிறந்த தேதி மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. "கி.மு. ஆறாம் நூற்றாண்டு வாக்கில்" என்று சொல்லப் பழகுங்கள் என்றேன். நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதெல்லாம் சொன்னா நாமளே நம்ம பெருமையக் கொறச்ச மாதிரி ஆயிராதா?" என்றார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே ஒரு கரித்துண்டில் ஆறாம் நூற்றாண்டைத் தொட்டார்கள் என்று சொல்வது கீழடியைக் குறைத்துப் பேசுவது ஆகாது. வேலை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது. அந்த மேடு சுமார் 110 ஏக்கர். அதில் இதுவரை தோண்டியது ஒரு மூலைகூட இல்லை.

இரண்டாவது வேலை, பானை. மானாமதுரை பக்கத்தில் இருக்கிறது, மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கே உடைந்த பானை ஓடு ஒரு சாக்கு கிடைக்கும், காசுகூட வாங்க மாட்டார்கள். சுடாத, பாதி காய்ந்த சட்டி நாலைந்தும் சொல்லி வாங்குங்கள். ஆளுக்கு ஒரு ஆணி. தமிழி எழுத்து அட்டவணையை நகல் எடுத்துக் கொடுத்து, அவரவர் பேரைச் சுட்ட ஓட்டில் ஒரு தடவை, சுடாத சட்டியில் ஒரு தடவை கீறச் சொல்லுங்கள்.

கை வலிக்கும், அது நல்லதுதான். சுடாத மண்ணில் ஆணி வழுக்கிக்கொண்டு போகும், கோட்டின் இரு விளிம்பிலும் மண் ஒதுங்கி மேடு கட்டும். சுட்ட ஓட்டில் ஆணி திமிறும், விளிம்பு பொரிந்து சிதறும், வளைவு வராமல் கோணலாகும். இந்த வித்தியாசத்தைக் கையால் தெரிந்துகொண்ட பிள்ளை, அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓட்டைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்கும். இதைக் கீறியது யார்? சூளைக்குப் போகும் முன் குயவர் கீறினாரா, வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் உட்கார்ந்து கீறினாரா?

நான்காம் பருவத்தில் மட்டும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் 56 கிடைத்தன. ஆதன், குவிரன் என்று பெயர்கள். எழுத்தின் கை ஓட்டுக்கு ஓடு வேறாக இருக்கிறது. பானை முழுவதும் ஒரே குயவர் எழுதிக் கொடுத்தது என்றால் கையெழுத்து ஒன்றுபோல இருந்திருக்கும். பலர் எழுதியிருக்கிறார்கள். அரசன் ஆணை, கோயில் தானம் என்றெல்லாம் இல்லை, "இது என் சட்டி" என்ற அளவில். தமிழ்நாட்டில் எழுத்து அரண்மனைக்கு வெளியே சாதாரண ஆட்கள் கையில் புழங்கியது என்று ஐராவதம் மகாதேவன் வாதிட்டதற்கு ஆதாரமாக நின்றவையும் இந்த மாதிரிச் சில்லறை ஓடுகள்தாம். அரசுப் பள்ளியில் படிக்கிற, வீட்டில் முதல் தலைமுறையாக எழுதப் படிக்கக் கற்ற பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான பொருள் அந்தக் கட்டடத்தில் எதுவும் இல்லை என்பது என் எண்ணம். தங்கக் காசு கூட இதற்கு அப்புறம்தான்.

எழுதும்போது இன்னும் சில தட்டுப்படும். பழைய தமிழியில் புள்ளி இல்லை. அதனால் பெயரில் மெய்யெழுத்து வருகிற பிள்ளைகள் திண்டாடும். பெயரில் ழ வருகிற பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, வடக்கே பிராகிருதம் எழுதிய பிராமியில் இந்த எழுத்து கிடையாது, தமிழுக்காக ஏற்பட்டது என்று சொல்லுங்கள். அன்றைக்கு முழுக்க அது தரையில் நடக்காது.

அருங்காட்சியகத்துக்குள் அறுபது பேரும் ஒன்றாகப் போனால் கெட்டது. இருபது இருபதாக மூன்று குழு. செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தாழ்வாரமுமாகக் கட்டியிருப்பதால் ஒரு குழு உள்ளே இருக்கும்போது மற்ற குழுக்கள் வெளியே உட்காரலாம், கத்தவும் செய்யலாம். ஒரு குழுவுக்கு ஒரு கூடம் முழுதும் வேண்டாம், ஒரு பொருள் போதும். பத்து நிமிஷம் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து படம் வரைய வேண்டும். படம் நன்றாக வராவிட்டாலும் பரவாயில்லை. வரையும்போதுதான் கண் நிற்கிறது. கேள்வித்தாள் கொடுத்தால் பிள்ளைகள் பொருளைப் பார்க்காமல் பக்கத்துப் பலகையைப் பார்த்து நிரப்பிவிடும், நாம் பள்ளிக்கூடத்தில் செய்ததுதானே.

எந்தப் பொருள்? ஒரு குழுவுக்கு எழுத்துப் பொறித்த ஓடு. இன்னொரு குழுவுக்கு நெசவு சம்பந்தப்பட்டவை. தக்களி, எலும்பில் செய்த கூர்முனைகள் எல்லாம் இருக்கின்றன. பஞ்சு நூலாகி, நூல் துணியான வழியைப் பிள்ளைகளே அடுக்கிப் பார்க்கட்டும். மூன்றாவது குழுவுக்கு வட்டச் சில்லுகள். உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய விளையாட்டுக் காய்கள் இங்கே ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. கூடவே யானைத் தந்தத்தில் செய்த பகடையும். பாண்டி ஆடுகிற பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள்தான் நமக்கு விளக்குவார்கள், எந்தச் சில்லு வழுக்கும், எது நிற்கும் என்று.

கருப்பு சிவப்புப் பானைகள் முன்னால் மட்டும் எல்லாக் குழுவும் கொஞ்சம் நிற்கட்டும். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. இரண்டு சாயம் பூசினார்களா என்று பிள்ளைகள் கேட்கும். இல்லை, பானையைச் சூளையில் கவிழ்த்து வைத்தார்கள், உள்பக்கம் காற்றுப் படாமல் கருத்தது, வெளிப்பக்கம் காற்றுப் பட்டுச் சிவந்தது. ஒரே மண், ஒரே நெருப்பு.

வில்லங்கமான கேள்விகள் வரும், அதற்கும் தயாராகப் போங்கள் என்றேன். "சார், இங்க சாமியே இல்லையாமே?" என்பது கட்டாயம் வரும். கிடைத்த பொருட்களில் இன்னதுதான் வழிபாட்டுப் பொருள் என்று பளிச்சென்று சொல்லும்படி பெரிதாக இல்லை என்பது சரி. 110 ஏக்கரில் ஒரு துண்டைத் தோண்டிவிட்டு ஊரே சாமி கும்பிடவில்லை என்று முடிவு கட்டினால் தப்பு. மரத்தடியில் நட்ட ஒரு கல்லுக்குப் பூப் போட்டிருந்தால் தோண்டுகிறவருக்கு அது வெறும் கல். "என்ன சாப்பிட்டாங்க?" என்பது அடுத்தது. 70 எலும்பு மாதிரிகளைப் புனே டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்தார்கள். மாடு, எருமை, ஆடு, காட்டுப்பன்றி, மயில் எல்லாம் அதில் உண்டு. சிலவற்றில் வெட்டுத் தழும்பும் இருக்கிறது. இதை இப்படியே சொல்லிவிட வேண்டும். வகுப்பில் யாராவது யாரையாவது பார்த்துச் சிரித்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். நண்பர் "ம்" என்றார். அவர் வகுப்பில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மற்றதெல்லாம் வழக்கமான ஏற்பாடு. போகிற நாளும் நேரமும் கட்டணமும் முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும், வார விடுமுறை நாளில் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பிய பள்ளிகள் உண்டு. மதுரையிலிருந்து ராமேசுவரம் சாலையில் சிலைமான் தாண்டித் திரும்பினால் வந்துவிடும், பன்னிரண்டு கிலோமீட்டர்தான். காலையிலேயே போய்விடுவது நல்லது, மூன்று மணிக்கு மேல் பிள்ளைகள் தூங்கி வழியும். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை நேரத்தைத் தனியாகக் கணக்கில் வையுங்கள், அறுபது பேரில் முப்பத்தைந்து பெண்கள் என்றால் அதுவே அரைமணி நேரம். வெளியே நடக்கும்போது வயலில் கிடக்கிற ஓட்டைப் பொறுக்கிப் பையில் போடக் கூடாது. இதைப் போகும் முன்பே கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எந்த ஆழத்தில் கிடந்தது என்று தெரியாத ஓடு பாதி ஊமை. கயிற்றைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்.

போய்விட்டு வந்து நண்பர் பேசினார். சில்லுக் குழுவில் சண்டை வந்துவிட்டதாம், ஒருத்தி அது விளையாட்டுக் காயே இல்லை, எங்க ஆச்சி ஊறுகாய்ச் சாடியை இப்படி ஓட்டால்தான் மூடும் என்றிருக்கிறாள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. தொல்லியலாளர்கள் வேறு இடத்து வட்ட ஓடுகளை வைத்து இதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"இன்னொன்னுண்ணே" என்றார். திரும்பி வந்த மறுநாள் கயிற்றை அவிழ்க்கும்போது ஒரு பையன், "சார், பச்சைத் துணிக்குக் கீழ என்ன இருக்கு?" என்று கேட்டிருக்கிறான். இவருக்குப் பதில் தெரியவில்லை, என்னைக் கேட்கிறார்.

மண் இருக்கிறது என்றேன். மனிதர் புழங்கிய மண்ணே அதற்குக் கீழேயும் இருக்கிறது என்று மாநிலத் துறையின் 2019 அறிக்கையே சொல்கிறது. அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கை கீழடியின் தொடக்கத்தை கி.மு. எட்டாம் நூற்றாண்டுக்குக் கொண்டு போகிறது. அதைத் திருத்தித் தரும்படி 2025 மே மாதம் மத்தியத் தொல்லியல் துறை கேட்டது, அவர் திருத்த மறுத்துவிட்டார். பையனிடம் இந்த வழக்கையெல்லாம் சொல்ல வேண்டாம். கயிற்றை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தொங்கவிடுங்கள், தரையைத் தொடும்படி நீளமாக.